முதல் டிரம்ல முட்டுது, ரெண்டாவதுல ஓடியே போயிடுது: மல்லிக்கு என்ன ஆச்சு?

பேரல் ரேசிங் பத்தி, அதாவது பேரல்ங்கற மூணு டிரம்ம சுத்தி குதிரைய வேகமா ஓட்டுற பந்தயம் பத்தி, வாசகி கேட்டது, கொஞ்சம் சுருக்கி:

"அக்கா வணக்கம். டெக்சாஸ்ல வெதர்ஃபோர்ட் பக்கம் இருக்கேன். 33 வயசுல தான் குதிரை ஏறவே கத்துக்கிட்டேன், இப்போ 37. எட்டு மாசம் முன்னாடி 9 வயசு குவார்ட்டர் ஹார்ஸ் இன மேர் (பெண் குதிரை) ஒண்ணு வாங்கினேன், வீட்டுல மல்லின்னு கூப்பிடுறோம். முன்னாடி வெச்சிருந்தவங்ககிட்ட 2டி-ல (நேரத்த வெச்சுப் பிரிக்குற டிவிஷன்கள்ல ரெண்டாவது) ஓடின குதிரை, என்கிட்ட வந்து கடைசி டிவிஷன்லயே தடவுது. முதல் பேரல் ரைட் சைடு எடுக்குறேன், சீக்கிரமே உள்ள வெட்டிடுது, கடைசி 7 ரன்ல 4 தடவை டிரம்ம சாய்ச்சாச்சு, என் முட்டி எல்லாம் கன்னிப் போச்சு. ரெண்டாவதுல அப்படியே தலைகீழ், திரும்பவே மாட்டேங்குது, லாரி மாதிரி அகலமா சுத்தி வருது. மூணாவது பரவாயில்ல. தினமும் சாயங்காலம் ஆறேழு தடவை ஃபுல் பேட்டர்ன் (மூணு டிரம்மையும் சுத்துற முழு பாதை) ஓட்டிப் பாக்குறேன், இன்னும் மோசமா தான் ஆகுது. தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு நீள ஷாங்க் (பக்கவாட்டுக் கம்பி) வெச்ச பிட் (வாயில போடுற கடிவாள இரும்பு) மாத்தினேன், டை-டவுனும் (தலைய தூக்காம கட்டுற வார்) போட்டேன். இப்போ மைதானத்து கேட்டு (வாசல்) கிட்ட போனாலே டான்ஸ் ஆடுது. இன்னும் ஸ்ட்ராங்கான பிட் போடணுமா, ஸ்பர் (குதிகால்ல மாட்டுற முள்) போடணுமா, இல்ல குதிரையையே மாத்திடணுமா? டிவில 13 செகண்ட்ல ஓடுறாங்க, நான் 19 ஓடுறேன், வெக்கமா இருக்கு. மூணு வீடியோ அனுப்பியிருக்கேன்."

வணக்கம்மா. மொதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடுறேன், குதிரைய மாத்த வேணாம். உங்க மூணாவது வீடியோவுல மூணாவது டிரம்ம மல்லி எடுத்த விதத்த நான் நாலு தடவை ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன், பின்னங்கால ரெண்டையும் வயித்துக்கு அடியில மடக்கி உக்காந்து, டிரம்ம ஒட்டி சுத்தி, அப்படியே கிளம்புது பாருங்க, அதை யாரும் கத்துக்குடுக்க முடியாது, அது பொறப்புலயே இருக்கணும். அந்தக் குதிரைகிட்ட திறமை இருக்கு. அப்போ மத்த ரெண்டு டிரம்ல என்ன நடக்குதுங்கறது தான் கேள்வி.

அந்த 13 செகண்ட் விஷயத்தையும் முடிச்சுடுவோம், ஏன்னா இதப் பாத்து மனசு ஒடஞ்சு போறவங்க நிறைய பேர். டிவில நீங்க பாக்குறது நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோ, லாஸ் வேகஸ்ல தாமஸ் அண்ட் மாக் சென்டர்ல நடக்குறது. அங்க அரீனா சின்னது, அதனால பேட்டர்னையே சுருக்கி வெப்பாங்க. 2017-ல ஹெய்லி கின்செல் சிஸ்டர்ங்கற அந்த பாலோமினோ (தங்க நிற) மேர்ல 13.11 ஓடினது அந்தச் சின்ன பேட்டர்ன்ல. நீங்க ஓடுறது முழு பேட்டர்ன், முதல் டிரம்முக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 90 அடி, அந்த ரெண்டுலேர்ந்தும் மூணாவதுக்கு 105 அடி, டைமர் கோட்டுலேர்ந்து முதல் டிரம் இருக்குற லைனுக்கு 60 அடி. இந்த அளவுல பெரிய பெரிய ஆளுங்களே 17 செகண்ட் சுத்தி தான் ஓடுறாங்க. அதனால உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல 6 செகண்ட் இல்ல, சுமார் 2 செகண்ட் தான். அந்த ரெண்டுல பெரும்பகுதி ரெண்டாவது டிரம்ல மட்டுமே போகுது, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்போ டிரெய்னிங் பேசறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இத செய்யாம கீழ உள்ள எதையும் செய்யாதீங்க. மல்லிய கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. சும்மா ஊசி போடுற டாக்டர் இல்ல, குதிரை நொண்டல் பாக்குறதுலயே ஸ்பெஷலா இருக்குறவங்க, உங்க ஏரியாவுல அதுக்குப் பஞ்சமே இல்ல. ரைட்ல திரும்பும்போது வலது பின்னங்கால் தான் தூண் மாதிரி நின்னு மொத்த எடையும் தாங்கணும். அந்தக் காலோட ஹாக் மூட்டுலயோ (பின்னங்கால் நடு மூட்டு), மேல ஸ்டைஃபிள்லயோ (பின்னங்கால் முட்டி) வலி இருந்தா குதிரை அந்தக் கால்ல உக்காராது, தோள சாய்ச்சு சமாளிச்சுக்கிட்டு உள்ள விழும். பாக்குறவங்களுக்கு அது "திமிர் பண்ணுது"ன்னு தெரியும். முன்னங்குளம்புல வலி இருந்தாலும் திரும்புற எடத்துல தான் வெளிய வரும். காலெல்லாம் மடக்கிப் பிடிச்சு டக்குனு விட்டு ஓட வெச்சுப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அத ரெண்டு பக்கமும் பண்ணச் சொல்லுங்க. முதுக அழுத்திப் பாக்கச் சொல்லுங்க, சேணம் பொருந்துதான்னும் கேளுங்க, எட்டு மாசத்துல குதிரையோட முதுகு ஷேப்பே மாறியிருக்கும். அப்புறம் கேட்டுல டான்ஸ் ஆடுறது, அது பயமும் பழக்கமும் மட்டும்தான்னு சொல்லிட முடியாது, ஓடுற குதிரைங்களுக்கு வயித்துப் புண்ணு ரொம்ப சாதாரணம். வார்ப்பட்டைய இறுக்கும்போது காத மடக்கிக்கிட்டு கடிக்க வருதா, தீனிய பாதியில விட்டுட்டு நகருதா, கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. இருந்தா ஒமெப்ரசோல் கோர்ஸ் குடுப்பாங்க. பல்லையும் பாத்துடுங்க.

இத நான் ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா நானே பட்டிருக்கேன். தொழில் ஆரம்பிச்ச புதுசுல என்கிட்ட ஒரு செம்பட்டைக் கலர் கெல்டிங் (காயடிச்ச ஆண் குதிரை) இருந்துச்சு, ஒரே சீசன்ல அதுக்கு நாலு பிட் மாத்தினேன், ஒவ்வொரு பிட்டுக்கும் ரெண்டு வாரம் நல்லா ஓடும், அப்புறம் பழையபடி டிரம் மேல விழும், நானும் அடுத்த பிட் வாங்கப் போவேன். கடைசில பாத்தா ஹாக்ல ஆர்த்ரைட்டிஸ். பாவம் அது வாயால சொல்ல முடியாம ஒடம்பால சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அந்த நாலு பிட்டும் இன்னும் என் லாயத்துல ஆணில தான் தொங்குது, விக்கல.

டாக்டர் எல்லாம் சரின்னு சொல்லிட்டாருன்னு வெச்சுக்குவோம். இப்போ உங்க வீடியோ.

முதல் வீடியோவ ஸ்லோ மோஷன்ல போட்டு ஸ்ட்ரைடு ஸ்ட்ரைடா (ஒவ்வொரு தாவலா) நிறுத்திப் பாருங்க. கேட்டுலேர்ந்து வர்றீங்க, நல்லா தான் வர்றீங்க, ரெண்டு கைல லகான். டிரம்முக்கு இன்னும் மூணு ஸ்ட்ரைடு இருக்கும்போதே உங்க இடது கை லகான விட்டுட்டு ஹார்னப் (சேணத்து முன்னாடி இருக்குற கொம்ப) புடிச்சிடுது. அதே ஸ்ட்ரைடுல உங்க தலை குனிஞ்சு டிரம்மப் பாக்குது. அடுத்த ஸ்ட்ரைடுல வலது கை நெஞ்சு ஒசரத்துக்கு ஏறி, பிடரிய தாண்டி இடது பக்கம் போகுது. வலது தோள் சாயுது, அதோட நீங்க மொத்தமா டிரம் பக்கம் சாஞ்சிடுறீங்க. அப்புறம் தான் மல்லி உள்ள விழுது. வரிசைய கவனிங்க, மல்லி முதல்ல விழல, நீங்க விழுந்தீங்க, அது உங்க பின்னாடி வந்துச்சு.

திருவிழாவுல குழந்தைய தோள்ல ஒக்கார வெச்சுக்கிட்டு சாமி பாக்குறப்போ, குழந்தை திடீர்னு ஒரு பக்கம் பலூன எட்டிப் பாத்தா நம்ம கால் நம்மளக் கேக்காமலே அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வெக்கும்ல? அதேதான். முதுகு மேல உள்ள எடை எந்தப் பக்கம் சாயுதோ அதுக்கு அடியில போய் நிக்கத்தான் குதிரைக்குத் தோணும். அதுல உங்க கை வேற பிடரிய தாண்டி இழுக்கறதால, மூக்கு மட்டும் உள்ள வளையுது, தோள் டிரம் மேல சாயுது, பின்னாடி இடுப்பு வெளிய சறுக்குது. மூக்கு திரும்பினா குதிரை திரும்பிடுச்சுன்னு நெனச்சுக்கறோம், இல்லம்மா. கழுத்த வளைச்சுக்கிட்டே நேரா ஓடுற குதிரைய நான் எத்தனையோ பாத்திருக்கேன். திரும்பறது தோளும் பின்னங்காலும் தான்.

சரி, எப்படி வரணும்? நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். கொல்லிமலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா, 70 கொண்டை ஊசி வளைவு. அந்த டிரைவர கவனிச்சிருந்தீங்கன்னா தெரியும், வளைவுக்குள்ள போய் பிரேக் போட மாட்டாரு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே கியர எறக்கி, வேகத்தக் கட்டுப்படுத்தி, வண்டிய வெளிப்பக்கமா ஒதுக்கி எடம் பண்ணிக்கிட்டு, அப்புறம் தான் ஒடிப்பாரு, வெளிய வர்றப்போ உள் ஓரத்த ஒட்டி வந்து ஆக்சிலேட்டர் குடுப்பாரு. உள் ஓரமாவே போய் ஒடிச்சா பின் சக்கரம் கட்டைல ஏறும். பேரல் ரேசிங்ல அந்தக் கியர் எறக்குறது தான் ரேட், அந்த வெளிப்பக்கம் ஒதுக்குற எடம் தான் பாக்கெட். குதிரைக்கும் பின் சக்கரம் இருக்கு, அது வர்றதுக்கு எடம் வேணும். போறப்போ அகலம், வர்றப்போ ஒட்டி. நீங்க பண்றது தலைகீழ், ஒட்டிப் போறீங்க, அதனால முட்டுறீங்க, முட்டலேன்னா வெளிய வர்றப்போ அகலமாயிடுறீங்க.

முதல் டிரம்முக்கு கேட்டுலேர்ந்து நேரா டிரம்மக் குறி வெக்காதீங்க. டிரம்முக்கு இடது பக்கமா 4, 5 அடி தள்ளி தரையில ஒரு எடம், அதுதான் உங்க குறி. ஆரம்பத்துல 7, 8 அடி கூட வெச்சுக்கோங்க, தப்பில்ல, அப்புறம் குறைச்சுக்கலாம். கண்ணு அந்த எடத்துல. டிரம்மப் பாக்கவே பாக்காதீங்க, சைக்கிள் கத்துக்கும்போது கரண்டு கம்பத்தையே மொறச்சுப் பாத்துக்கிட்டு அதுலயே போய் முட்டினவங்க தானே நாம எல்லாரும். ரெண்டு கைலயும் லகான் இருக்கட்டும். அந்த எடத்துக்கு ஒரு ஸ்ட்ரைடு முன்னாடி, வெரட்டுறத நிறுத்தி, உங்க பேன்ட் பின்பாக்கெட் மேல ஒக்காருங்க, அவ்ளோதான், இழுக்காதீங்க. நீங்க ஒக்காந்தா மல்லி ஒக்காரணும், இது தான் ரேட்டோட சிக்னல். அப்புறம் தான் இடது கை ஹார்னுக்குப் போகணும், போய் ஹார்ன இழுக்கக் கூடாது, முன்னாடி தள்ளணும், தள்ளினா தான் நீங்க சேணத்துக்குள்ள அமுங்குவீங்க, இழுத்தா மேல ஏறிடுவீங்க. வலது கை தாழ, உங்க முட்டிக்குப் பக்கத்துல, கொஞ்சம் வெளிப்பக்கம், பிடரிய தாண்டவே கூடாது. வலது கால் வார்ப்பட்டை கிட்ட ஒட்டி, விலாவத் தாங்கிப் பிடிச்ச மாதிரி. உங்க முட்டி டிரம்முக்கு நேரா வர்ற வரைக்கும் திருப்பாதீங்க, அந்த ஒரு நொடி ரொம்ப நேரம் மாதிரி தோணும், "ஐயோ தாண்டிப் போகுதே"ன்னு கை பரபரக்கும், பொறுங்க.

வெளிய வர்றப்போ இன்னொரு அவசரம் உங்ககிட்ட இருக்கு. ரெண்டாவது வீடியோவுல டிரம் விழுந்தது தோள் பட்டு இல்ல, பாத்தீங்களா? முக்கால் சுத்து வர்றதுக்குள்ள நீங்க ரெண்டாவது டிரம்ம நோக்கி அடிச்சு வெரட்டிட்டீங்க, மல்லியோட இடுப்பு இடிச்சு சாஞ்சுது. சுத்து முடியணும், ரெண்டாவது டிரம் அதோட ரெண்டு காதுக்கும் நடுவுல தெரியணும், அப்புறம் போங்க. சாய்ச்சா ரோடியோவுல 5 செகண்ட் சேத்துடுவாங்க, ஜாக்பாட்ல (உள்ளூர் பணப் போட்டி) பெரும்பாலும் அந்த ஓட்டத்துக்கு டைமே கிடையாது, அதுக்கு அந்த அரை நொடி பொறுத்துட்டே போகலாம்.

ரெண்டாவது டிரம் தான் எனக்கு சுவாரஸ்யமா இருந்துச்சு. ஏன்னா உங்க வீட்டு அரீனா வீடியோவுல ரெண்டாவதுல மல்லி நல்லா தான் திரும்புது! வெளிய போட்டியில மட்டும் தான் ஓடிப் போகுது. ஏன்னு யோசிச்சு அந்த வீடியோவ மறுபடி பாத்தேன், உங்க வீட்டுல ரெண்டாவது டிரம்முக்குப் பின்னாடி வேலி இருக்கு, குத்துமதிப்பா 20 அடி கூட இருக்காது. மல்லி உங்கள கேட்டு வேகத்தக் குறைக்கல, வேலியப் பாத்து குறைக்குது. போட்டி அரீனாவுல வேலி எங்கயோ தூரத்துல இருக்கு, அதுக்கு நிறுத்துன்னு சொல்ல யாருமே இல்ல. நீங்களும் சொல்லல, ஏன்னா அந்த எடத்துல நீங்க இன்னும் வெரட்டிக்கிட்டே இருக்கீங்க, கால் ரெண்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு, ஒடம்பு முன்னாடி சாஞ்சிருக்கு. திடீர்னு இடது லகான இழுக்குறீங்க. ஓடுன்னு ஒரு உத்தரவு, திரும்புன்னு ஒரு உத்தரவு, ரெண்டும் ஒரே நேரத்துல. அது முதல்ல வந்ததக் கேக்குது, என்ன தப்பு?

இன்னொண்ணும் இருக்கு. முதல் டிரம் ரைட்ல சுத்துறப்போ வலது முன்னங்கால் முன்னாடி எட்டி வெச்சு ஓடணும், ரெண்டாவதும் மூணாவதும் லெஃப்ட், அதுக்கு இடது கால் லீடு. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல அந்த 90 அடியில கால் மாத்தியாகணும். மல்லி முன்னங்கால மாத்துது, பின்னங்கால மாத்தாமலே ரெண்டாவது டிரம் வரைக்கும் போகுது, முன்னாடி இடது பின்னாடி வலதுன்னு. அப்படி ஓடுற குதிரையால ஒக்காந்து திரும்பவே முடியாது. இதுக்குக் காரணமும் முதல் டிரம் தான், அதுலேர்ந்து கோணலா, இடுப்பு வெளிய சறுக்கினபடி வந்தா எப்படி மாத்தும்? மூணாவது டிரம் நல்லா வர்றதுக்குக் காரணமும் இதுதான், அதுக்குள்ள அது சுதாரிச்சு பின்னங்காலையும் மாத்திடுது. வலது பின்னங்காலுக்கு டாக்டர்கிட்ட போங்கன்னு முன்னாடி சொன்னேன்ல, இதையும் சேத்து சொல்லுங்க, "பின்னாடி லீடு மாத்த லேட் பண்ணுது"ன்னு. அவங்களுக்கு அது பெரிய க்ளூ.

நேரம் எங்க போகுதுன்னு ஒரு சின்ன கணக்கு. டிரம்ம சுமார் முக்கால் வட்டம் சுத்துறோம்னு வெச்சுக்கங்க. 1 அடி வெளிய தள்ளி சுத்தினா கிட்டத்தட்ட 4.7 அடி கூடுதலா ஓடணும். நீங்க ரெண்டாவதுல கண்ணால பாக்கவே 6, 7 அடி வெளிய போறீங்க, அப்போ சுமார் 30 அடி வெட்டியா ஓடுது, அதுவும் பாய்ச்சல்ல இல்ல, வேகம் குறைஞ்ச வளைவுல. ஒரு செகண்டுக்கு மேல அங்கயே போச்சு. 1டி-க்கும் 2டி-க்கும் நடுவுல இருக்குறதே அரை செகண்ட் தான், யோசிச்சுப் பாருங்க. அதனால தான் வேகத்துக்கு ஸ்பர் தேடாதீங்கன்னு சொல்றேன், மல்லி மெதுவான குதிரை இல்ல, தூரம் அதிகமா ஓடுற குதிரை.

இப்போ என்ன பண்ணணும். முதல் பத்து நாள் டிரம் பக்கமே போகாதீங்க. தினம் ஆறேழு ஃபுல் ரன்னுங்கறது, மன்னிச்சுக்கோங்க, ரொம்ப அதிகம். என்கிட்ட இருக்குற பழகின குதிரைங்கள நான் வாரத்துல ஒரு நாள் கூட ஃபுல் ஸ்பீடு பேட்டர்ன் ஓட்ட மாட்டேன், போட்டில ஓடுறதே போதும். மல்லிக்கு பேட்டர்ன் எப்பவோ மனப்பாடம் ஆயிடுச்சு, மனப்பாடம் ஆனதால தான் முதல் டிரம்ல உங்களுக்கு முன்னாடியே திரும்புது. அந்தப் பத்து நாளும் மேய்ச்சல் காட்டுல நடை, நீள ட்ராட் (துள்ளு நடை), மேடு ஏத்தி எறக்குறது, நேர்கோட்டுல போறது. நடுநடுவுல, நீங்க மூச்ச விட்டு சேணத்துல ஒக்காந்த ஒடனே நிக்குதான்னு பாருங்க. நிக்கலேன்னா அப்போ லகான், நின்ன பிறகு ரெண்டு எட்டு பின்னாடி. அதட்டாம, அவசரமில்லாம. ஒக்காந்தா நிக்கணும்னு அதுக்குப் புரிஞ்சிடுச்சுன்னா ரேட் பாதி வந்துடுச்சு.

அப்புறம் ஒரே ஒரு டிரம்ம நடு மைதானத்துல வேலி இல்லாத எடத்துல வெச்சுக்கங்க. இங்க ஒரு வேடிக்கை, ஒரே குதிரைக்கு ரெண்டு டிரம்ல ரெண்டு வியாதி, மருந்தும் எதிரெதிர். ரைட் பக்கம் வேலை செய்யும்போது, அந்த 5 அடி தள்ளின எடம் வழியா டிரம்மத் தாண்டி நேரா போயிடுங்க, திருப்பவே திருப்பாதீங்க. பத்துல ஏழு தடவை தாண்டிப் போங்க, மூணு தடவை தான் திரும்புங்க. எப்போ திரும்பும்னு அதுக்குத் தெரியக் கூடாது, அப்போ தான் முன்கூட்டி உள்ள விழாம உங்களுக்காகக் காத்திருக்கும். லெஃப்ட் பக்கம் வேலை செய்யும்போது, தாண்டிப் போகவே விடாதீங்க, ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல வந்து ஒக்காந்து முழுசா நிறுத்துங்க, பின்னாடி ரெண்டு எட்டு, அப்புறம் நடையில சுத்து. முதல்ல நடை, அது சரியா வந்தா ட்ராட், அதுவும் சரியானா லோப் (மெதுவான பாய்ச்சல்). நடையில தப்பு பண்றத பாய்ச்சல்ல சரியா பண்ண வாய்ப்பே இல்ல.

தோள் சாயறதுக்கு, டிரம்ம சுத்தி 15 அடி தள்ளி பெரிய வட்டம் போட்டு நடங்க, கொஞ்சம் கொஞ்சமா 5 அடி வரைக்கும் சுருக்குங்க, எப்போ தோள் உள்ள விழுதோ அப்போ உள்பக்க கால அழுத்தி மறுபடி வெளிய தள்ளி பெருசாக்குங்க. லகான உள்ள இழுத்து இல்ல, கால வெச்சு. தேவைப்பட்டா உள் லகான நேர் மேல ஒரு இஞ்ச் தூக்குங்க, குறுக்க இல்ல. ஒழுங்கா வளைஞ்சு நடந்தா ஒடனே நிறுத்தி, தட்டிக் குடுத்து, அன்னிக்கு அதோட எறங்கிடுங்க. இருபது நிமிஷம் போதும். இத எழுதும்போதே எனக்கு சிரிப்பு வருது, ஏன்னா எல்லாரும் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சுத்துவாங்க, குதிரை நல்லா பண்ணிடுச்சுன்னு சந்தோஷத்துல "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு. அந்த ஒரே ஒரு தடவை தான் கெடுக்கும்.

கால் மாத்தறதுக்கு தனி வேலை, டிரம் இல்லாம 8 வடிவத்துல சுத்துங்க, நடுவுல ஒரு நாலஞ்சு எட்டு ட்ராட்டுக்கு எறக்கி, நேராக்கி, அப்புறம் மறு லீடு கேளுங்க. பாய்ச்சல்லயே மாத்தறது அதுவா வரும்.

பிட் விஷயம். நீள ஷாங்க் பிட்ல ஒரு பக்க லகான மட்டும் இழுத்தா என்ன ஆகும்னா, நெம்புகோல் மாதிரி பெருக்கி வாயில விழும், குதிரை தலைய சாய்ச்சு மூக்க மேல தூக்கிக்கும், தோள் இன்னும் விழும். நீங்க சரி பண்ண வாங்கின சாமானே நோய வளக்குது. மேல சொன்ன மெதுவான வேலைக்கெல்லாம் சாதா வழவழப்பான ஸ்னாஃபிள் பிட் (ஷாங்க் இல்லாதது) போடுங்க, டை-டவுன கழட்டிடுங்க. டை-டவுன் போட்டு ஜெயிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் அத திட்டல, ஆனா கழுத்து தான் குதிரைக்கு பேலன்ஸ், பேலன்ஸ் கத்துக்குற குதிரைக்கு அதக் கட்டிப் போடக் கூடாது. போட்டிக்கு என்ன பிட்டுன்னு ஆறு வாரம் கழிச்சுப் பேசுவோம், முன்னாடி வெச்சிருந்தவங்க என்ன பிட்ல ஓட்டினாங்கன்னு கேட்டு வெச்சுக்கங்க, 2டி ஓடினது அதுல தானே. பிட் தான் திருப்புதுன்னு நம்புறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது, 1985 நேஷனல் ஃபைனல்ஸ்ல ஏழாவது ரவுண்டுல சார்மெய்ன் ஜேம்ஸோட குதிரை ஸ்கேம்பருக்கு கடிவாளமே கழண்டு போச்சு, அப்படியே மூணு டிரம்மும் சுத்தி அந்த ரவுண்ட ஜெயிச்சுது. அவங்க 1984-லேர்ந்து 1993 வரைக்கும் தொடர்ந்து பத்து வருஷம் வேர்ல்டு சாம்பியன். நம்ம குதிரைங்க ஸ்கேம்பர் இல்ல தான், ஆனா திருப்பினது வாயில இருந்த இரும்பு இல்லங்கறது தெரியுதுல்ல. ஸ்பர் இப்போதைக்கு வேணாம், உங்க கால் இன்னும் ஒரு எடத்துல நிக்கல, ஸ்பர் போட்டா தெரியாமலே குத்திக்கிட்டு இருப்பீங்க.

கேட்டு டான்ஸுக்கு, வயித்துப் புண்ணு இல்லேன்னு தெரிஞ்ச பிறகு, ரெண்டு மூணு ஜாக்பாட்டுக்கு போட்டி போடாம கூட்டிட்டுப் போங்க. எக்சிபிஷன் ரன்னுக்கு (போட்டிக் கணக்குல சேராத பழக்க ஓட்டம்) சின்ன ஃபீஸ் தான் வாங்குவாங்க, அந்த நேரத்துல உள்ள போங்க, ட்ராட்ல பேட்டர்ன் போடுங்க, ஒவ்வொரு டிரம் எடத்துலயும் நிறுத்துங்க, மூணாவது முடிச்சு கேட்டுக்கு வெரட்டாம நடந்து வெளிய வாங்க. யாராவது சிரிச்சா சிரிக்கட்டும். உள்ள போனா எப்பவும் அடியும் ஓட்டமும் தான்னு அது முடிவு பண்ணி வெச்சிருக்கு, சில நாள் சும்மா நின்னு வேடிக்கை பாத்துட்டு வரலாம்னு அதுக்குத் தெரியணும். மறுபடி டான்ஸ் ஆடினா எறங்கி நடத்திக் கூட்டிட்டுப் போங்க, கேட்டுல வெச்சு சண்டை போட்டா கண்டிப்பா அது தான் ஜெயிக்கும், 1000 பவுண்டுக்கு மேல எடை.

லாடக்காரர எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறீங்கன்னு எழுதல. ஆறு வாரத்துக்கு மேல விடாதீங்க, வீடியோவுல முன்னங்குளம்பு நுனி கொஞ்சம் நீளமா தெரியுற மாதிரி இருக்கு, நிழலாவும் இருக்கலாம்.

டாக்டர் சொன்னத எழுதுங்க, ஆறு வாரம் கழிச்சு புது வீடியோ அனுப்புங்க. இந்தத் தடவை வீடியோ எடுக்குறவர கேட்டு கிட்ட நிக்க விடாதீங்க, ரெண்டாவது டிரம்முக்கு எதிர்ல, வேலிக்கு வெளிய நிக்கச் சொல்லுங்க, போன படுக்க வெச்சு எடுக்கச் சொல்லுங்க, அப்புறம் அந்த "கோ கோ கோ"ன்னு கத்துறத நிறுத்தச் சொல்லுங்க, அவர் கத்துற ஒவ்வொரு தடவையும் உங்க கால் அடிக்குது.

அன்புடன்
அக்கா